பத்து பம்பு

டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "பம்ப் லேதே ஹோ?"

பம்ப் எடுப்பதுண்டா என்பது கேள்வி. எஸ்தர் அக்காவுக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியில் பம்ப் என்று ஒரு சொல் இருந்தது, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். ஷெரின் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அக்கா தலையை ஆட்டிவிட்டாள்.

"ஆமா, பம்புதான். பத்து பன்னெண்டு வருசமா."

ஷெரின் என் மகள், கல்லூரியில் படிக்கிறாள். மூச்சுத்திணறலோடு ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனது அவள்தான். நான் வெளியே எக்ஸ்ரே வரிசையில் நின்று, இடையில் புகுந்த ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததெல்லாம் பிறகு ஷெரின் சொல்லித் தெரிந்ததுதான்.

ஒரு நாளைக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ஷெரின் அதைத் தமிழில் கேட்டாள். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பத்து பம்பு. சில நாளு பதினஞ்சுகூட ஆவும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கை நடுங்குகிறதா என்று கேட்டார். நடுங்கும் என்றாள் அக்கா. நெஞ்சு படபடவென்று அடிக்குமா? அடிக்கும். தூக்கம்? அது போய் ரொம்ப நாளாயிற்று. கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று பதில் வந்ததும் டாக்டருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. இவ்வளவு பம்பு எடுத்தால் மனுஷி என்னத்துக்கு ஆவாள் என்று ஷெரினைத்தான் கடிந்துகொண்டார். இன்றோடு பம்பை நிறுத்து, நான் சொல்லும்வரை தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லி, மாத்திரையும் ஒரு டானிக்கும் எழுதிக்கொடுத்தார். வாசலில் அடுத்த நோயாளி ஏற்கெனவே பாதி உள்ளே வந்தாயிற்று.

அக்கா வெளியே வந்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நல்ல டாக்டருட்டி ரூபி. நான் ஒண்ணுமே சொல்லல, அவராவே கண்டுபிடிச்சிட்டாரு. பம்பத் தொடாதன்னுட்டாரு."

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நாள் செம்பூரில் என் அலுவலகத்தில் எல்லோரிடமும் அந்த டாக்டரைப் புகழ்ந்து தள்ளினேன்.

இரண்டு பம்புகள்

இதில் என்ன கோளாறு என்று எங்கள் மூன்று பேருக்கும் அன்று தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பம்பாயில் மூச்சுத்திணறல்காரர்கள் வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சும் சின்னக் குழல் இருக்கிறதே, இன்ஹேலர், அதற்கு இந்த ஊர்ப் பெயர் பம்ப். தாராவியில் எங்கள் சந்தில் நாலு வீட்டுக்கு ஒரு பம்ப் இருக்கும். ஷெரினோடு படித்த பிள்ளைகளில் பலர் பையில் வைத்திருப்பார்கள். அவளுக்குப் பம்ப் என்றால் அது ஒன்றுதான்.

அக்காவின் பம்பு வேறு. வள்ளியூருக்குத் தெற்கே, காற்றாலைகள் வரிசையாக நிற்கிற இடத்தில், ஒரு ஏக்கரில் கத்திரியும் கொஞ்சம் வெண்டையும் போட்டிருக்கிறாள் அவள். பூச்சிக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் டப்பாதான் அவளுடைய பம்பு. இடது கையால் பிடியை மேலும் கீழும் அடித்துக்கொண்டே வலது கையால் குழலைப் பிடித்துத் தெளிக்க வேண்டும். சில ஊரில் டேங்க் என்று எண்ணுவார்கள். எங்கள் பக்கம் பம்புக் கணக்கு. அவள் வயலுக்குப் பத்து பம்பு பிடிக்கும், புழு அதிகமானால் பதினைந்து.

கேள்வியும் சரி, பதிலும் சரி. ஆனால் டாக்டர் கேட்டது மூச்சைத் திறக்கிற பம்பை, அக்கா சொன்னது மூச்சை அடைத்த பம்பை.

கை நடுங்கியதும் நெஞ்சு படபடத்ததும் பொய்யில்லை. மருந்தடித்து முடித்த நாட்களில் அவளுக்கு அப்படித்தான் இருக்கும். கண் எரியும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், சோறு இறங்காது. மறுநாள் சரியாகிவிடும் என்பதால் அதை ஒரு வியாதியாகவே அவள் நினைத்ததில்லை. அடுத்த தடவை அடிக்கிறபோது மறுபடியும் வரும்.

மருந்து என்ற பெயர்

அதற்கு மருந்து என்று பெயர் வைத்தவன் யார் என்று தெரிந்தால் எனக்கு அவனோடு பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

ஊரில் ஒருத்தி மருந்தைக் குடித்துவிட்டாள் என்றால் யாரும் எந்த மருந்து என்று கேட்பதில்லை. கேட்டவுடன் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். காரைப் பிடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று ஊரே கூடிவிடும். அதே மருந்தை இன்னொருத்தி வருஷக் கணக்காக மூச்சோடு இழுத்தால் அதற்குப் பெயர் விவசாயம். வாய் வழியாகப் போனால் விஷம், மூக்கு வழியாகப் போனால் மருந்தா? இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

அத்தான் தவறிய பிறகுதான் அக்கா பம்பை முதுகில் மாட்டினாள். ஈரத்துண்டை மூக்கை மூடிக் கட்டிக்கொள்வாள். துண்டு ஈரமாக இருந்தால் மருந்து உள்ளே போகாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உண்மையில் அந்தத் துண்டு மருந்தை நன்றாகக் குடித்துக்கொண்டு நாள் முழுக்க அவள் மூக்கின் மேலேயே கிடந்திருக்கிறது. காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று அடிக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்துக் காற்று சொல்லிக்கொண்டு வருகிற காற்றா? காற்றாலைக்காரர்கள் சும்மாவா அங்கே வந்து நட்டிருக்கிறார்கள்? ஆடி மாதம் எந்தப் பக்கம் திரும்பி அடித்தாலும் பாதி மருந்து அடித்தவள் முகத்துக்கே வந்துவிடும்.

கவசம் போட்டுக்கொண்டு அடிக்கலாமே என்று செம்பூர் அலுவலகத்தில் ஒருவர் அறிவுரை சொன்னார். அந்த வெயிலில் ரப்பர் கையுறையும் முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு முதுகில் ஒரு டப்பாவையும் சுமந்து ஒரே ஒரு வரப்பு நடந்து காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றேன். அதன் பிறகு அவர் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

ஆளுக்கு ஒரு காரணம்

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு தாராவிக்கு வந்து இறங்கியதும் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அடுப்புப் புகை என்றார் ஒருவர். அவள் காஸ் அடுப்பு வாங்கி எத்தனையோ வருஷமாயிற்று. அத்தான் பீடி குடித்திருப்பார் என்றார் இன்னொருவர். அவர் வெற்றிலைகூடப் போட்டதில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மாள், தாராவிக் காற்று யாருக்குத்தான் ஒத்துக்கொள்ளும் என்று பெருமூச்சு விட்டார்.

அந்த அம்மாளிடம் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. தாராவியில் புகை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குயவர்கள் சூளை மூட்டுகிற நாளில் கொடியில் காயும் துணியெல்லாம் கறுத்துப்போகும். ஆனால் உலகத்தில் எவனுக்கு இருமல் வந்தாலும் எங்கள் தலையில் கட்டுவதா? அக்கா நெஞ்சில் அந்த இரைச்சலோடுதான் ரயிலேறி வந்தாள். வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மாட்டுங்காவில் மாலதி என்று எனக்கு ஒரு தோழி உண்டு. பாலக்காட்டுப் பூர்வீகம், என் அலுவலகத்திலேயே வேலை. ஒரு சனிக்கிழமை அவளோடு மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அவள் ஒவ்வொரு கத்திரிக்காயாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் திரும்பப் போட்டாள். காம்பைக் கிள்ளிப் பார்த்தாள். கடைக்காரரும் சலிக்காமல் பளபளக்கிற காய்களை முன்னால் தள்ளினார். புழு இருக்காது, கியாரண்டி என்றார்.

நான் அவர் ஒதுக்கிவைத்திருந்த கூடையிலிருந்து சொத்தைக் காய்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். மாலதி என் கையைப் பிடித்து, நோக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். புழு தின்ற காய் என்றால் புழு உயிரோடு இருந்திருக்கிறது என்று அர்த்தம், அதைத் தின்றால் நானும் இருப்பேன் என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்தார், மாலதி சிரிக்கவில்லை. நான் பத்திரிகையில் எழுதுகிற இந்தத் தொடரைத் தவறாமல் வாசிக்கிறவள் அவள். இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தண்ணீர் வரும் நேரம்

மாத்திரையும் டானிக்கும் கொஞ்ச நாள் ஓடின. அக்காவின் இரைச்சல் குறைந்தது போலவும் இருந்தது, குறையாதது போலவும் இருந்தது. பிறகு ஒரு காலையில், குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில், இழுப்பு ஒரேயடியாக வந்தது.

எங்கள் சந்தில் அந்த நேரத்தில் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். டிரம், குடம், டியூப் என்று அவரவர் பாடு. நான் டியூபைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஏணிப்படியில் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் கைகளால் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தாள். கூப்பிட்டேன், நிமிரவில்லை. கிட்டே போனால் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. மூச்சை இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போனது. பேச்சு வரவில்லை.

ஷெரின் கத்திய சத்தத்தில் எதிர்வீட்டு ஸல்மா ஆபா ஓடிவந்தார். தோல்பை தைக்கிறவர், சந்துக்கே ஆபா, அதாவது அக்கா; அவருக்கும் இழுப்பு உண்டு. வரும்போதே இடுப்பிலிருந்து நீலநிறக் குழல் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். "பம்ப் மாரோ, பம்ப்."

ஷெரின் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள். டாக்டர் பம்ப் கூடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று இந்தியில் சொன்னாள். பம்ப் என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவும், அந்த நிலைமையிலும், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். டாக்டர் பேச்சை மீறக் கூடாதாம்.

நான் ஸல்மா ஆபாவின் கையைப் பார்த்தேன். அந்த நீலக் குழலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் பம்ப் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம்வரை இந்தப் பம்பும் அந்தப் பம்பும் என் மண்டையில் சந்தித்துக்கொண்டதே இல்லை.

"எந்தப் பம்பட்டி வேண்டாம்னாரு டாக்டரு?" என்று ஷெரினைக் கேட்டேன்.

"இதுதான். பெரியம்மா டெய்லி பத்து எடுக்காங்கல்ல?"

"பெரியம்மா இத வாழ்நாள்ல தொட்டதில்லட்டி. அது முதுகுல கட்டி மருந்தடிக்கிற பம்பு."

ஷெரினுக்கு அது புரிய நேரமாயிற்று. அவள் வயலைப் பார்த்தது ரயில் ஜன்னல் வழியாகத்தான். ஆனால் கை மட்டும் கீழே இறங்கிவிட்டது. ஸல்மா ஆபா எங்கள் பஞ்சாயத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. அக்காவின் முகவாயைப் பிடித்துக் குழலை வாயில் வைத்து அழுத்தினார். அக்கா அதை உறிஞ்சாமல் ஊதிவிட்டாள். ஆபா தானே ஒருமுறை உறிஞ்சிக் காட்டினார். இரண்டாவது முறையும் பாதி வெளியே போயிற்று, அதற்கடுத்த முறைதான் உள்ளே போனது. டியூப் கையைவிட்டு நழுவிச் சந்தெல்லாம் தண்ணீர் ஓடியது. அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. டாக்சி நிற்கிற இடம்வரை இரண்டு பையன்கள் அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் கவசம் மாட்டி, புகைபோல வருகிற மருந்தைச் சுவாசிக்க வைத்தார்கள். இது நிஜமாகவே மருந்து. மத்தியானத்துக்குப் பிறகு உதட்டின் நிறம் திரும்பியது. அக்கா முதலில் கேட்டது, தண்ணி பிடிச்சாச்சா என்று.

அக்கா பேசிய இந்தி

இரண்டு நாள் கழித்து அதே டாக்டரைப் பார்க்கப் போனபோது நானே உள்ளே போனேன். சண்டைக்குத் தயாராகப் போனேன் என்பதை மறைப்பானேன்? என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் இந்தியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சொன்னேன். ஷெரின் தன் மொபைலில் ஒரு படத்தைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதுகில் டப்பா மாட்டிய ஒருவர் வயலில் நிற்கிற படம். டாக்டர் அதையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் விதர்பாப் பக்கத்துக்காரராம். அவருடைய மாமாக்கள் பருத்திக்கு இதே டப்பாவைத்தான் மாட்டிக்கொண்டு அடிக்கிறார்களாம். அங்கேயும் மராத்தியில் அதை மருந்து என்றுதான் சொல்வார்களாம். முகவரியில் தாராவி என்று பார்த்ததும் பிளாஸ்டிக் புகை, தோல் வேலை என்றுதான் மனசு போயிற்று, உட்கார்ந்திருப்பது ஒரு விவசாயி என்று தோன்றவே இல்லை என்றார். தவறு என்னுடையது என்று ஒளிவில்லாமல் சொன்னார். நான் சேர்த்துவைத்திருந்த இந்தியில் பாதி வீணாயிற்று.

மீதியைச் செலவழித்தேன். நோய்க்குக் காரணம் என்ன என்று எழுதுகிற இடத்தில் புகை என்று எழுதாதீர்கள், வயலில் அடித்த பூச்சிமருந்து என்று எழுதுங்கள் என்றேன். அவர் எழுதினார். மருந்து என்ற சொல்லைப் போடாமல் விஷம் என்றே போட்டார்.

பிறகு நிதானமாக விளக்கினார். நுரையீரலில் கெட்டுப்போன பாகம் கெட்டதுதான், திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்கு அவள் இனிமேல் அடிக்கவும் கூடாது, அடுத்தவர் அடிக்கிற காற்றில் நிற்கவும் கூடாது.

ஷெரின் இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டரைப் பார்த்து நேராகப் பேசினாள். ஸல்மா ஆபாவிடம் கற்றுக்கொண்ட இந்தி.

"பீட் வாலா பம்ப் பந்த். மூ வாலா பம்ப் தோ."

முதுகுப் பம்பு நிறுத்தியாச்சு, வாய்ப் பம்பைக் கொடு. டாக்டர் சிரித்துவிட்டார். பெரியம்மாவின் இந்தியைக் கேட்டு ஷெரின் அழுதாள்.

வயல்

அக்கா இனி எங்களோடு தாராவியிலேயே இருந்துவிடுவாள் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். வயல் குத்தகை வயல்தானே, விட்டுவிட்டால் போயிற்று. மாடியில் ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறது. ஸல்மா ஆபாவிடம் தோல்பைக்கு வார் கோர்க்கிற வேலைகூடக் கேட்டு வைத்திருந்தேன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. மூச்சு போதாததால் அவள் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் பேச முடிந்தது, ஆனால் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

"மருந்தத்தான் விடுதேன்னேன். வயலையா விடுதேன்னேன்?"

அந்த வயல்தான் அவளுக்குச் சோறு. அதுவும் என்னை நம்பித் தின்கிற சோறு இல்லை. அவளுக்கு அதுதான் முக்கியம், எனக்கு அது தெரியும். தெரிந்திருந்தும் கத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. பரமசிவம் அண்ணாச்சி. அக்கா இல்லாதபோது அவள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், நல்ல மனுஷர். ஷெரின் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

கத்திரியில் காய்ப்புழு விழுந்துவிட்டதாம். காய் திரண்டு நிற்கிற நேரம், நாளைக்கே மருந்தடித்தால் தேறிவிடும் என்றார். நீ கவலைப்படாதே, உன் பம்பு இங்கேதான் கிடக்கிறது, செல்லத்தாய் வந்து அடித்துத் தருகிறேன் என்கிறாள் என்றார். செல்லத்தாய் கூலிக்கு மருந்தடிக்கிறவள். ஊரில் பாதி வயலுக்கு அவள்தான் அடிக்கிறாள்.

அக்கா கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். டாக்டர் அவளைத்தான் அடிக்கக் கூடாது என்றார். செல்லத்தாயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும்கூட, உண்மையைச் சொன்னால், நல்ல வழி என்றுதான் தோன்றியது. காயும் தப்பும், அக்காவும் தப்புவாள்.

"அண்ணாச்சி, செல்லத்தாயி அடிக்காண்டாம்."

"அப்பம் யாரு அடிக்கது? நான் அடிக்கட்டா?"

"நீங்களும் வேண்டாம்."

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "இப்பம் விட்டா ஒரு காயும் மிஞ்சாது தாயி. பூராவும் புழு தின்னுட்டுப் போயிரும்."

அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சு விசில் அடித்தது. நான் அவசரமாக எழுந்துபோய்ப் பம்பை எடுத்துவந்து நீட்டினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, போனைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு இழுத்துப் பேசினாள்.

"என் வயலு. என் புழு. தின்னுட்டுப் போவட்டும் அண்ணாச்சி. செல்லத்தாயி மூச்ச நான் தின்ன மாட்டேன்."

பிறகுதான் பம்புக்குக் கையை நீட்டினாள்.